அமெரிக்கா சேலம் நைட் டூர்: 5க்கு 2, அந்தக் காசுக்கு வேற இடம் இருக்கு

பாஸ்டன் பக்கம் வர்றவங்க எல்லாரும் ஒரு தடவ சேலம் போயிடறாங்க, அதான் இத எழுதறேன். நார்த் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா அரை மணி நேரம் தான், அக்டோபர்ல தயவுசெஞ்சு கார்ல போகாதீங்க, பார்க்கிங்குக்கே பாதி நாள் போயிடும்.

நாங்க புக் பண்ணது ஒரு நைட் வாக்கிங் டூர். பேரு வேணாம், அந்த ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கு. கைடு கைல லாந்தர், தலைல கூம்புத் தொப்பி, முழுக்க முழுக்க பேய்க்கதை. 1692ல இந்த ஊர்ல சூனியம் வச்சாங்கன்னு பழி போட்டு, விசாரிச்சு ஆளுங்களக் கொன்னாங்க, அதுல நிஜமா என்ன நடந்துச்சுங்கறதுக்கு "பாவம், அப்பாவிங்க"ன்னு ஒரே வரி. கூட வந்த ஒருத்தர் எங்க வச்சு எரிச்சாங்கன்னு கேக்கறார், இவர் திருத்தக்கூட இல்ல. எரிக்கலங்க, தூக்குல போட்டாங்க, 19 பேரு, அதுல 14 பேர் பொம்பளைங்க. கடைசியா ஒரு கிஃப்ட் ஷாப் வாசல்ல விட்டுட்டு போயிட்டார். குரல் நல்லா இருந்துச்சு, அந்த ரெண்டாவது ஸ்டார் அதுக்கு. (ஊரே அப்படித்தான், போலீஸ் பேட்ஜ்லயே துடைப்பத்துல பறக்கற சூனியக்காரி!)

மறுநாள் சார்ட்டர் ஸ்ட்ரீட் கல்லறை பக்கத்துல அவங்களுக்குக் கட்டியிருக்கற நினைவிடம் போனோம், 1992ல கட்டினது, டிக்கெட்டே கிடையாது. சுவத்துலேர்ந்து நீட்டிட்டு இருக்கற 20 கல் பெஞ்சு (தூக்குல போட்ட 19 பேரோட, பாறாங்கல்லு ஏத்தி நசுக்கிக் கொன்ன ஒருத்தருக்கும் சேர்த்து), ஒவ்வொண்ணுலயும் பேரு, தேதி, எப்படி செத்தாங்கன்னு. நுழையற எடத்துல காலுக்குக் கீழ கல்லுல அவங்க "நான் ஒண்ணும் பண்ணல"ன்னு கதறினது செதுக்கியிருக்கு, வாக்கியம் முடியறதுக்குள்ள சுவத்துக்கு அடில போயிடுது. டிசைன் பண்ணவங்களுக்கு ஒரு சலாம். இவங்கள விசாரிச்ச ஜான் ஹாதோர்ன் பக்கத்துக் கல்லறைல தான் படுத்திருக்கார்.

டூர்ல சொல்லாம விட்டது என்னன்னா இவங்க பேசின பேச்சு. பொம்பளை சர்ச்ல வாய் தொறக்கக்கூடாதுன்னு வச்சிருந்த பியூரிட்டன் (ரொம்ப கறாரான கிறிஸ்தவப் பிரிவு) ஊரு, அங்க சூசன்னா மார்ட்டின்னு ஒரு விதவை, விசாரணை நடுவுல சிரிக்கறாங்க, ஏன் சிரிக்கறன்னு கேட்டா இந்த மாதிரி முட்டாள்தனத்துக்கு சிரிக்காம என்ன பண்றதுங்கற மாதிரி பதில். மார்த்தா கேரியர், புத்தி பேதலிச்சதுங்க பேச்சக் கேட்டுட்டு இருக்கீங்களே வெக்கமா இல்லயான்னு நீதிபதியவே கேட்டவங்க. சாரா குட் பிச்சை எடுத்து பொழச்சவங்க, சின்னப் பொண்ணையும் சேர்த்து ஜெயில்ல போட்டாங்க, தூக்குமேடைல பாதிரியார் நோய்ஸ் ஒத்துக்கோங்கறார், அதுக்கு அவங்க நீ மந்திரவாதின்னா நானும் சூனியக்காரி, என் உசிர எடுத்தா கடவுள் உனக்கு ரத்தத்தக் குடிக்கக் குடுப்பாருன்னு சொல்லிட்டு தான் போனாங்க.

இதுல முக்கியமா ஒண்ணு கவனிங்க. ஆமா நான் சூனியக்காரி தான்னு 50 பேருக்கு மேல ஒத்துக்கிட்டாங்க, அப்படி ஒத்துக்கிட்டு அந்தப் பேச்ச மாத்தாம நின்ன ஒருத்தரையும் தூக்குல போடல. ஒத்துக்க மாட்டேன்னவங்க தான் செத்தாங்க. ஒரு பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு தெரிஞ்சே சொல்லல, இவங்களப் போய் பேய்க்கதை ஆக்கி வித்தா கடுப்பாகுமா ஆகாதா.

டூர் காசு மிச்சம் பண்ணி டான்வர்ஸ்ல இருக்கற ரெபேக்கா நர்ஸ் வீட்டுக்குப் போங்க. அந்தக் காலத்து சேலம் வில்லேஜ், இந்தப் பழியெல்லாம் மொதல்ல கெளம்பின எடம், டான்வர்ஸ் தான். ரெபேக்காவும் தூக்குல போட்டவங்கள்ல ஒருத்தங்க, 71 வயசு பாட்டி, ஜூரி மொதல்ல குற்றமில்லைன்னு தான் சொன்னாங்க, நீதிபதி மறுபடி யோசிங்கன்னு அனுப்பினார், அப்புறம் ஜூரி கேட்ட கேள்வி காது மந்தத்துல அவங்களுக்கு சரியா விழல, பதில் சொல்லல, அதையே குற்றமா எடுத்துட்டாங்க. தோட்டத்துக் கல்லறைல அவங்களுக்கு ஒரு தூண், பக்கத்துலயே அவங்களுக்காக மனு போட்ட 40 அக்கம்பக்கத்துக்காரங்க பேரோட 1892ல வச்ச இன்னொரு கல்லு. அந்த நேரத்துல கையெழுத்துப் போட்டா அடுத்து நம்ம பேரும் வரலாம்னு தெரிஞ்சு போட்டிருக்காங்க, எனக்கு ட்ரிப்லயே பிடிச்சது அந்தக் கல்லு தான்.

இதுக்கு மட்டும் கார் வேணும். குளிர்காலத்துல மூடிடுவாங்க, டைமிங் செக் பண்ணிட்டு கெளம்புங்க.