‘12.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்’ என்று காட்டி விற்கும் லித்தியம் பேட்டரி: உள்ளே என்ன இருக்கிறது?

இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி என்று ஒரு வீட்டுக்கு விற்கப்பட்ட பெட்டி. ஸ்டிக்கரில் ‘எல்.எஃப்.பி., 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச்., 6000 சைக்கிள்’. எல்.எஃப்.பி. என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட்; ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) கொள்ளளவு; சைக்கிள் என்பது ஒருமுறை ஏற்றி இறக்குவது. விலை, கடை விலையில் பாதி. மாட்ட வந்தவர் மீட்டரை வைத்து 12.6 காட்டி, “ஃபுல் சார்ஜ் சார், பாத்துக்கோங்க” என்றார். பல வருடம் ட்யூபுலர் (ஈய-அமில) பேட்டரி வைத்திருந்த வீடு அது. 12.6 என்றால் நிறைந்த பேட்டரி என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஏமாந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

ட்யூபுலருக்கு 12.6 நிறை. எல்.எஃப்.பி.க்கு அது காலிக்குப் பக்கம். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட்; நான்கு சீரிஸில் சேர்ந்தால் 12.8. சார்ஜ் முடியும்போது 14.6 வரை போகும், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டால் 13.3, 13.4-ல் நிற்கும். 12.6 என்றால் செல்லுக்கு 3.15 வோல்ட், மிச்சம் பத்து, பதினைந்து சதவீதம்தான். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த இன்னொரு லித்தியம் வகை என்.எம்.சி.; அதன் கதை வேறு. அதன் செல் நிறைந்தால் 4.2 வோல்ட். மூன்றைச் சீரிஸில் போட்டுப் பாருங்கள்: 12.6. ஸ்டிக்கர் எல்.எஃப்.பி. என்கிறது, மீட்டர் என்.எம்.சி. என்கிறது. மீட்டரை நம்புங்கள்.

பெட்டியின் எடை ஐந்தரை கிலோ. உண்மையான 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். எல்.எஃப்.பி. பத்திலிருந்து பதின்மூன்று கிலோ இருக்கும். 32700 ரக உருளை செல் 6 ஏ.ஹெச்., ஒன்று சுமார் 145 கிராம், நூறு ஏ.ஹெச். வர 68 செல் வேண்டும், செல் மட்டுமே பத்து கிலோ ஆகிவிடும். இந்தப் பெட்டிக்குள் இருந்தவை 60 செல்கள், எல்லாம் 18650 என்ற சிறிய உருளை ரகம், மூன்று சீரிஸ், இருபது பேரலல். மேலே புது நீல உறை. உறையைக் கிழித்தால் முனையில் பழைய வெல்டிங்கைப் பிய்த்த தழும்பு. ஏதோ பழைய வண்டி பேக்கிலிருந்து உருவியவை. புதிதாக இருந்தபோது 2 ஏ.ஹெச்., இப்போது ஒன்றரை. கணக்குப் போட்டால் முப்பது ஏ.ஹெச்., 11.1 வோல்ட்: 333 வாட் ஹவர். எழுதியிருந்தது 1280.

இணைப்புப் பட்டையும் நிக்கல் இல்லை, நிக்கல் முலாம் பூசிய இரும்பு. துண்டு ஒன்றை அரத்தால் தேய்த்து உப்புத் தண்ணீரில் போட்டால் மறுநாள் துரு ஏறியிருக்கும். சுத்த நிக்கல் அப்படி ஆகாது. இரும்புக்கு மின்தடை அதிகம், லோடு ஏறினால் சுடும்.

பணம் போனதைவிட மோசம் சார்ஜிங். இன்வெர்ட்டர் 14.4 வோல்ட் வரை தள்ளும். மூன்று செல்லுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 4.8. எந்த என்.எம்.சி. செல்லும் இதைத் தாங்காது. நடுவில் நிற்பது செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு மட்டும்தான், செல் 4.25-ஐத் தொட்டதும் அது இணைப்பை வெட்டும், இன்வெர்ட்டர் ‘சார்ஜ் முடிந்தது’ என்று விளக்குப் போடும். தினமும் இப்படி வெட்டி வெட்டி, அந்த போர்டின் மாஸ்ஃபெட் (இணைப்பை வெட்டும் மின்னணு சுவிட்ச்) ஒரு நாள் ஷார்ட் ஆனால் தடுக்க வேறு எதுவும் கிடையாது. வெறும் போர்டை நம்பிப் படுக்கையறைச் சுவரோரம் வைக்கிற பொருளா இது?

என்.எம்.சி. என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. அதே எடையில் அதிக மின்சாரம் வைக்கும், அதனால்தான் வண்டிகளில் ஓடுகிறது. ஆனால் சூடு கட்டு மீறினால் அதன் ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜன் வெளியேறித் தீயை வளர்க்கும். எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது, லேசில் விடாது, சைக்கிளும் அதிகம். வீட்டில் சுவரோரம் நிற்கும் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டில்லை. டெஸ்லாவே பவர்வால் 2-இல் என்.எம்.சி. வைத்துவிட்டு பவர்வால் 3-இல் எல்.எஃப்.பி.க்கு வந்துவிட்டது. எல்.டி.ஓ. (லித்தியம் டைட்டனேட்) என்று இன்னொன்று உண்டு, செல்லுக்கு 2.4 வோல்ட்; ஆயுள் பிரமாதம், விலையும் இடமும் நம் வீட்டுக் கணக்குக்கு ஒத்துவராது.

காசு கொடுக்கும் முன் முதலில் தராசில் ஏற்றுங்கள். அடுத்து வோல்டேஜ்: முழு சார்ஜ் என்று சொல்லி 13.2-க்குக் கீழே காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். 48 வோல்ட் பேக் என்றால் எல்.எஃப்.பி. 15 அல்லது 16 செல், என்.எம்.சி. 13 அல்லது 14. இங்கே வோல்டேஜ் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவதால் மீட்டர் மட்டும் போதாது. எத்தனை செல் சீரிஸில் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் லோடு. நூறு வாட் குண்டு பல்பு இரண்டு போதும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 235 வாட் போகும். உண்மையான 100 ஏ.ஹெச். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி எரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள்: எல்.எஃப்.பி. 13-ஐ ஒட்டியே வெகுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். மேலே சொன்ன பெட்டி 12.4, 11.9, 11.4 என்று படியிறங்கி, ஒன்றேகால் மணி நேரத்தில், வோல்டேஜ் குறைந்தால் இன்வெர்ட்டர் தானே அணையும் ‘லோ கட்’டில் நின்றது.

இன்னொரு வகை மோசடியில் வேதியியல் சரியாகவே இருக்கும், செல்தான் பழையது. பெரிய சதுர செல்களில் க்யூ.ஆர். குறியீடு சுரண்டப்பட்டிருக்கிறதா, மேல் முனையில் தேய்த்த தடம் இருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். புது 280 ஏ.ஹெச். செல்லின் உள்மின்தடை கால் மில்லியோமுக்குள் இருக்கும். சைக்கிள் எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டாம்: எத்தனை சதவீதம் இறக்கி, எந்த வெப்பநிலையில், கொள்ளளவு எவ்வளவு குறையும்வரை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் 6000-க்கு அர்த்தம். பெரும்பாலும் 25 டிகிரியில் எடுத்த கணக்கு அது. மே மாதத்து மாடிப்படி இடுக்குக்கு அது பொருந்தாது.

ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் முதலில் சார்ஜரைத் துண்டியுங்கள். உப்பல், இனிப்பான கரைப்பான் வாசனை, தொட்டால் சூடு என்று எது இருந்தாலும் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். பெட்டியை நீங்களே பிரிக்க வேண்டாம். ஷார்ட் ஆகும் ஆபத்து ஒருபுறம், ‘சீல் உடைத்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது’ என்ற பதில் மறுபுறம். எடை, ஓய்வு வோல்டேஜ், லோடு சோதனை மூன்றையும் ஸ்டிக்கர் தெரியும்படி வெட்டாத வீடியோவாக எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ‘எடுத்துட்டு வாங்க, மாத்தித் தரேன்’ என்று கடைக்காரர் கூப்பிட்டால், வரிசை எண்ணோடு எழுத்தில் ரசீது வாங்காமல் பெட்டியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.