சேலத்தில் ஒரு ஐஎஸ்ஓ ஆலோசனை சேவை: என்சி மூடுவதில் கெட்டி, படிவத்தில் சறுக்கல்

ஐந்து ரோட்டுப் பக்கம் இயங்கும் இந்தச் சின்ன அலுவலகம், ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஆடிட்டில் என்சி (தர விதிக்கு ஒத்துவராத குறை என்ற ஆடிட்டர் குறிப்பு) வந்தால் திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுதித் தருகிறது. எழுதித் தருகிறது என்பதைவிட, நம் ஆலை ஆட்களை எழுத வைக்கிறது.

வழக்கமாக ஆலைகள் அனுப்பும் பதில் ஒரே வரிதான்: "ஆபரேட்டருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது." ஆடிட்டர் திருப்பி அனுப்பாமல் என்ன செய்வார்? ஐஎஸ்ஓ 9001:2015-இன் 10.2 பிரிவு கேட்பது வேறு: உடனடித் திருத்தம், மூலக்காரணம், அதே கோளாறு வேறெங்கும் உண்டா என்ற தேடல், எடுத்த நடவடிக்கை பலித்ததா என்ற சரிபார்ப்பு.

காலிபரேஷன் (கருவியின் அளவு சரிபார்ப்பு) தேதி கடந்த ஈரப்பதமானியை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை அனுப்பிச் சான்றிதழ் வாங்குவது வெறும் திருத்தம். இவர்கள் அதோடு விடுவதில்லை. சான்றிதழில் பிழை அளவு வரம்பு மீறியிருந்தால், அந்த மீட்டரில் பார்த்து அனுப்பிய லாட்டுகளிலிருந்து எடுத்து வைத்திருக்கும் மாதிரியை மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். தேதி ஏன் தவறியது? கருவிப் பட்டியலில் மீட்டரே இல்லை. ஏன் இல்லை? புதிதாக வாங்கியதை ஸ்டோர்ஸ் தரப்பிரிவுக்குச் சொல்ல வழியில்லை. ஆக, சரக்கு வரவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்தி இது தீராது.

குறை என்றால், படிவம் முழுக்க ஆங்கிலம். ஷிப்ட் சூப்பர்வைசர் நிரப்பத் திணறுவார். பிந்தைய சரிபார்ப்பு வருகைக்குத் தனிக் கட்டணம், அதை முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய தேதி போட்டு ரெக்கார்டு தயாரிக்கும் எண்ணத்தில் கெடு முடியும் கடைசி வாரம் போகாதீர்கள், முகத்துக்கு நேரே மறுத்துவிடுவார்கள்.