மைனரா, ஆமையா, ஏ40ஆ? திருகோணமலையில் குறைந்த காசில் ஹொட் ரொட்

நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற மொரிஸ் மைனரைப் பார்க்கப் போனபோது என் பையில் இருந்தது இரண்டே சாமான்: ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர். கார் பச்சை நிறம், பெயின்ற் பளபளவென்று இருந்தது. சொந்தக்காரர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் சில் பெட்டியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கேயும் ஒட்டவில்லை. அவர் வந்ததும் கேட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரை மெல்ல அழுத்தினால், கைப்பிடி வரை உள்ளே போயிற்று. இழுத்துப் பார்த்தால் மேலே ஓட்டை அடைக்கும் பட்டிப் பசை, பட்டிக்குப் பின்னால் சீமெந்து, அதற்கும் பின்னால் ஈரம் ஊறிய பத்திரிகைத் தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டு வந்துவிட்டேன்.

பழைய காருக்கு வேறு எஞ்சின் இறக்கி ஹொட் ரொட் கட்டப் போகிறேன் என்று வருகிற பெடியன்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன எஞ்சின் போடலாம் அண்ணை?" என்றுதான். உப்புக் காற்று அடிக்கிற இந்த ஊரில் அது கடைசிக் கேள்வி. எந்த உடம்பில் கறள் எவ்வளவு, அதை எப்படி நிறுத்துவது, காரின் பதிவுப் புக்கில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் எஞ்சின்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1930களில் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்ட் மொடல் ரி கார்களைச் சல்லிக்கு வாங்கி, மட்கார்ட், கூரை எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, காய்ந்த ஏரிப் படுக்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்ட் நிறுவனம் 65 குதிரைவலு வி8 எஞ்சினைச் சாதாரண சனம் வாங்கும் காரிலேயே போட்டு விற்றது. பிறகு அடிபட்ட காரின் வி8 இன்னொரு காருக்குள் ஏறத் தொடங்கியது. மலிவான காரை இலேசாக்கி, வேறொன்றின் எஞ்சினை அதற்குள் இறக்குவது, அவ்வளவுதான் சங்கதி. எங்கள் ஆட்களுக்கு இது புதுசா என்ன? 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களையும் மொரிஸ்களையும் செப்பம் பார்த்த கைகள்தான் இன்றைக்கும் பல கராஜ்களில் இருக்கின்றன.

இங்கே வி8 தேடி அலைவதில் பிரயோசனம் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கோழி படுத்த கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. எங்கள் கைக்கு எட்டுவது மூன்று: மொரிஸ் மைனர், ஆமை என்று நாங்கள் கூப்பிடும் வொக்ஸ்வாகன் பீற்றில், ஒஸ்ரின் ஏ40. பழைய வில்லிஸ் ஜீப்பையும் சிலர் சொல்வார்கள். அது உயரமாக நிற்கப் பிறந்தது, அப்படியே நிற்கட்டும்.

முதலில் ஏ40. 1952இலிருந்து 1954 வரை வந்த சொமர்செற்றைச் சொல்கிறேன். தனிச் சசி, அதாவது அடிச்சட்டம், அதன் மேல் உடம்பு. அமெரிக்கர்கள் செய்ததை அப்படியே செய்ய ஆசைப்படுகிறவனுக்கு இதுதான் சரியான கார். போல்ற் கழற்றி உடம்பைத் தூக்கலாம், சசியைத் தனியே சுரண்டிப் பெயின்ற் அடிக்கலாம், உடம்பைக் கொஞ்சம் கீழிறக்கியும் பூட்டலாம். 1200 சிசி எஞ்சின், நாற்பது சொச்சம் குதிரைவலு. ஆனால் மைனரைவிட நல்ல கனம். கியர் தடி ஸ்ரியரிங்கோடு ஒட்டியிருக்கிறது, வேறு கியர்பெட்டி போட்டால் அதையும் மாற்ற வேண்டும். சாமான் கிடைப்பதும் அருமை. ஒரு வின்ட்ஸ்கிறீன் உடைந்தால் ஒரு வருடம் காத்திருக்கலாம். ஓய்வூதியமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

ஆமை வேறு மாதிரி. நடுவில் முதுகெலும்பு போல ஒரு சுரங்கம், இரண்டு பக்கமும் தட்டு, அதன் மேல் போல்ற்றில் நிற்கும் உடம்பு. எஞ்சின் பின்னால். காற்றில் குளிர்வதால் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. நாலு போல்ற்றைக் கழற்றினால் எஞ்சின் கையோடு வந்துவிடும். சிலர் வடிவுக்கென்று எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றி வீசுகிறார்கள். அந்தத் தகடுகள்தான் காற்றைச் சிலிண்டரைச் சுற்றித் திருப்பிவிடுகின்றன. அது இல்லாமல் சித்திரை வெயிலில் கந்தளாய் வரை போனால் திரும்பி வருவது லொறியில்தான்.

கறள் எங்கே? பின் சீற்றின் வலப்பக்கத்துக்குக் கீழே பற்றரி இருக்கும் தட்டில். அமிலமும் உப்பும் சேர்ந்து அந்த மூலையைத் தின்றுவிடும். சீற்றைத் தூக்கி றோட்டைப் பார்க்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் ஆமையில் எங்கள் ஊருக்கென்றே ஒரு வசதி உண்டு. 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கடற்கரை மணலில் ஓட்டும் சின்னக் காரான பீச் பகியில் முதலாவது மேயர்ஸ் மான்க்ஸைக் கட்டினார். அவருக்கு ஃபைபர் வள்ளம் செய்து பழகிய கை. வள்ளத்துக்கு அச்சு எடுப்பது போலவே காருக்கும் எடுத்தார். பிறகு வந்த மான்க்ஸ் பெரும்பாலும் ஒரு அடிக்கு மேல் வெட்டிக் குறுக்கிய ஆமைத் தட்டின் மேல்தான் ஏறி நின்றன. இப்போது எங்கள் கரையைப் பாருங்கள். ஃபைபர் வள்ளம் செப்பனிடத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர்! ஒருவரிடம் மட்கார்ட் ஒன்று செய்யக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அச்சின் மேல் மெழுகு தேய்த்து, ரெசின் தடவி, ஃபைபர் பாயைக் கிழித்துக் கிழித்து ஒட்டினார். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு தடித்துத் தெரியுமாம், கிழித்தால் நார் கரைந்து சேர்ந்துவிடுமாம். மூன்றாம் நாள் தட்டிப் பார்த்தால் வள்ளத்தின் சத்தம்தான் வந்தது. கறள் என்ற சொல்லே அதற்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: ஃபைபர் உடம்பில் கரண்ட் ஓடாது. ஒவ்வொரு லைற்றுக்கும் சசிக்குத் தனி ஏர்த் வயர் இழுக்க வேண்டும்.

பிறகேன் நான் ஆமை எடுக்கவில்லை? புக். உடம்பையே மாற்றினால் பதிவில் உள்ள கார் ஒன்று, றோட்டில் ஓடும் கார் இன்னொன்று. சசி நம்பர் பின் சீற்றுக்குக் கீழே சுரங்கத்தின் முதுகில் அடித்திருக்கும், தட்டைக் குறுக்குகிறவர்களின் வாள் அந்தப் பக்கம் போகக்கூடாது. 2022 ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் கோட்டுக்குப் பதியச் சசி நம்பர் கேட்டபோது, நம்பர் கறளோடு போயிருந்த கார்க்காரர்கள் பட்டபாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாரம் 20 லீற்றருக்கு அந்தப் பாடு.

ஆக, மைனர். 1948இலிருந்து 1971 வரை பதினாறு லட்சம் அளவில் செய்த கார். இதை வெட்டலாமா என்று கண்கலங்குகிறவர்களுக்கு ஒரு கதை: வடிவமைத்த அலெக் இசிகோனிஸே, மாதிரிக் காரைப் பார்த்து ஒடுக்கமாக இருக்கிறதென்று நீளவாக்கில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் அகட்டிப் பார்த்தார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான கீற்று அந்த நாலு அங்குலம்தான். அவர் முதலில் போட நினைத்தது படுக்கைவாட்டுச் சிலிண்டர் எஞ்சின், அதற்காக விட்ட அகலம் பொனற்றுக்குள் இன்றைக்கும் இருக்கிறது. ஜப்பான் எஞ்சின் இலகுவாக இறங்குவது அதனால்தான்.

தனிச் சசி இல்லாததுதான் இதன் பெரிய குறை. சில் பெட்டி, பின் லீஃப் ஸ்பிரிங் பூட்டும் இடம், முன் சசிக் கால்களின் நுனி, இந்த மூன்றும் போனால் காரே போயிற்று. நான் கடைசியில் கந்தளாய்ப் பக்கத்தில் வாங்கினேன். கடலிலிருந்து தள்ளி நின்ற காருக்கும் உப்புவெளியில் நின்ற காருக்கும் உள்ள வித்தியாசம் காந்தத்தில் தெரியும். அதைக்கூடப் பாலையூற்று டிங்கரிங் அண்ணை சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள கார் எங்க இருக்கு, பட்டி எங்க இருக்கு எண்டு முதல்ல கண்டுபிடிப்பம்" என்றார். செலவில் பாதி அவரிடம்தான் போனது.

முன்பக்கம் இறக்குவது சுலபம். முன் சில்லுகளுக்கு ஸ்பிரிங்காக நிற்கும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரின் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் மூக்கு தாழ்ந்துவிடும். ரயர் கடைக்காரர்கூட நின்று பார்ப்பார். ஆனால் கீழே, சில்லு திரும்பும் மூட்டான ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால், அதன் புரி தேய்ந்து ஒரு நாள் சில்லு மடங்கிப் படுத்துவிடும். மைனரின் பிறவிக் குணம் அது.

எஞ்சினுக்கு வருவோம். 948 சிசி என்றால் 37 குதிரைவலு, 1962இல் வந்த 1098 சிசி என்றால் 48. 948 மைனரில் 1098 போடுவது போல மலிவான வேலை வேறு இல்லை, வெட்டு, கொத்து ஒன்றும் தேவையில்லை. நான் அவசரப்பட்டு டொயோட்டா 4கே வாங்கினேன். 1290 சிசி, நல்ல மூச்சு, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் மவுன்டிங், ரேடியேட்டர், கியர்பெட்டி, சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பல்லர் சாஃப்ற் என்று ஒன்று நாலாகும். லேத்தில் சாஃப்ற்றை வெட்டிக் குறுக்கினார்கள், பலன்ஸ் பார்க்கவில்லை. அறுபதில் போகும்போது வந்த அதிர்வில் கண்ணாடிக்குள் கிண்ணியாப் பாலம் இரண்டு தெரிந்தது. திரும்பவும் காசு. எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வான் வண்டியில் இருந்து கழற்றிய டீசல் எஞ்சின் போட்டவர்களும் இருக்கிறார்கள். முன்னுக்குக் கனம், காதுக்குள் உழவு இயந்திரம். எனக்கு வேண்டாம்.

பிரேக்கில் மூன்று கார்களுமே பெரும்பாலும் நாலு சில்லுக்கும் ட்ரம். ஒரு இரவு டொக்யார்ட் வீதிப் பக்கம் வரும்போது கோட்டைக்குள்ளிருந்து வந்த மான் ஒன்று நடு றோட்டில் நின்று என்னைப் பார்த்தது. மிதித்தேன். கார் நின்றது, ஆனால் இடப்பக்கம் இழுத்து வடிகானுக்குள் ஒரு சில்லை இறக்கிவிட்டுத்தான் நின்றது. மான் அசையவே இல்லை. அடுத்த நாளே 1098 மைனரின் எட்டு அங்குல முன் ட்ரம்மைத் தேடத் தொடங்கினேன், அதற்கு முந்திய கார்களில் ஏழுதான். பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில் சசிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றி மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

திரும்பக் கட்டினால் மைனரே எடுப்பேன், 1098ஓடு. மிஞ்சும் காசை பிரேக்குக்கும் அடித்தட்டு மெழுகுக்கும் போடுவேன். ஃபைபர் வேலை கையில் உள்ளவனுக்கு ஆமை, புக் சுத்தமாக இருந்தால் மட்டும். இப்போது என் கார் ஓடுகிறது, நிற்கிறது. நிலாவெளி போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன். முன்னுக்கு ஒரே ஒரு சீற்தான் இருக்கிறது, மற்றதுக்குக் காசு முடிந்துவிட்டது. மனைவி அது வரட்டும் என்று வாசலில் நின்று கை காட்டுகிறாள்.