மலைச்சாலையா, நெடுஞ்சாலையா: மங்காவிலிருந்து வந்த இரண்டு பிஎஸ்2 ரேஸ் கேம்கள்

பிளேஸ்டேஷன் 2-க்கு ஜப்பானில் மட்டும் வெளியான இரண்டு கேம்கள். ஒன்று, 2002-இல் கென்கி நிறுவனம் செய்த 'வாங்கன் மிட்நைட்'. இன்னொன்று, 2003-இல் செகா கொண்டுவந்த 'இனிஷியல் டி ஸ்பெஷல் ஸ்டேஜ்'. இரண்டுக்கும் மூலம் யங் மேகசீன் இதழில் வந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. இரண்டிலும் ராத்திரியில் பொதுச்சாலையில் கார் விரட்டும் ஆட்கள்தான். எதை வாங்கலாம் என்று கேட்டால் இனிஷியல் டி என்பேன். எது தன் மூலக்கதையை நன்றாகப் புரிந்துகொண்டது என்று கேட்டால் பதில் மாறும்.

முதலில் இனிஷியல் டி. ஷுயிச்சி ஷிகேனோவின் கதையில் தக்குமி என்ற பையன் அப்பாவின் டோஃபு கடைக்காக விடியற்காலையில் மலையேறி இறங்கியே ஓட்டப் பழகியவன். அவன் ஓட்டுவது 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட பழைய டொயோட்டா ஏஇ86. அதை வைத்துக்கொண்டு நிஸான் ஜிடி-ஆர், மஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி பலசாலிக் கார்கள் எல்லாவற்றையும் மலையிறக்கத்தில் மண்ணைக் கவ்வ வைக்கிறான். குன்மா மாகாணத்து ஹருணா மலைதான் கதையில் அக்கினா. கேமிலும் அதுவே உயிர். அந்த இறக்கத்தில் வரிசையாக ஐந்து கொண்டை ஊசி வளைவுகள் வரும். முதல் வளைவில் கொஞ்சம் தாமதமாக பிரேக் பிடித்தால் கார் வெளிப்பக்கம் போய்த் தடுப்பில் உரசும். வேகம் சட்டென்று விழும். அடுத்த வளைவுக்குத் தவறான இடத்திலிருந்து நுழைவீர்கள். அப்படியே ஐந்தாவது வரை தப்பு தொடரும். சரியாகப் போனாலோ, பின்னணியில் யூரோபீட் என்ற வேகத்தாள நடனப் பாட்டு அதிர, கார் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே வழுக்கிப் போவதுபோல இருக்கும். ஆர்கேடிலிருந்து, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடத்திலிருந்து வந்த கேம் என்பதால் கட்டுப்பாடு பழகப் பத்து நிமிஷம் போதும். கைதேர அதற்கு மேல் ரொம்பவே ஆகும்.

ஒரு குறை உண்டு. காரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் ஜிடி-ஆரை எடுத்துக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போகலாம். இளைத்தவன் ஜெயிக்கும் கதை அத்தோடு காலி. ஏஇ86-ஐத் தவிர வேறெதையும் தொடாமல் ஆடிப் பாருங்கள், அப்போதுதான் ருசி தெரியும்.

வாங்கன் மிட்நைட் வேறு ஜாதி. மிச்சிஹாரு குசுனோகியின் இந்த மங்காவில் மலையும் இல்லை, வளைவும் அவ்வளவாக இல்லை. தோக்கியோவின் ஷுட்டோ விரைவுச்சாலை, அதிலும் விரிகுடாவை ஒட்டி நீளும் வாங்கன் தடம். ஓட்டியவர்களையெல்லாம் காவு கேட்கும் 'டெவில் இசட்' என்ற நிஸான் ஃபேர்லேடி ஒரு பக்கம். மருத்துவர் ஒருவர் ஓட்டும் கறுப்பு போர்ஷே மறுபக்கம். இந்தக் கதையின் பந்தயத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து முதலில் காலை எடுப்பவன் தோற்றான், அவ்வளவுதான்.

கென்கிக்கு இது கைவந்த கலை. ஏற்கெனவே 'ஷுட்டோகோ பேட்டில்' வரிசையில் இதே சாலையை உருவாக்கியவர்கள். அதிலிருந்த உயிர்ப்பட்டியை இங்கேயும் வைத்தார்கள். எதிராளியைவிடப் பின்தங்கப் பின்தங்க உங்கள் பட்டி கரையும். தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எல்லைக்கோடு இல்லாத கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது. மங்காவின் மனசு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஆடும்போது? உச்ச வேகத்தில் நேர்ச்சாலை, எதிரே லாரி, இடமா வலமா என்று ஒரு முடிவு. முதலில் நெஞ்சு படபடக்கும். அப்புறம் கொஞ்சம் அலுக்கும். மங்காவைப் படித்து ரசித்தவர்களுக்கு அந்த அலுப்பு பெரிதாகத் தெரியாது. மற்றவர்கள் சீக்கிரம் கன்சோலை அணைத்துவிடுவார்கள்.

இரண்டிலும் உரையாடல் முழுக்க ஜப்பானிய மொழி. மெனுவைக் குத்துமதிப்பாகப் பழகிவிடலாம். பெரிய இடைஞ்சல், பிஎஸ்2-வின் பிராந்தியப் பூட்டு. ஜப்பானிய வட்டு நம்மூர்க் கன்சோலில் சும்மா ஓடாது. கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியின் கேம்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் 'இனிஷியல் டி ஸ்ட்ரீட் ஸ்டேஜ்' 2006-இலும், 'வாங்கன் மிட்நைட் போர்ட்டபிள்' 2007-இலும் வந்தன. என்ன, பிஎஸ்பியின் அந்தக் குட்டி அனலாக் குமிழை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு திரும்புவது கொஞ்சம் படுத்தும். வாங்கன் பெரும்பாலும் நேர்ச்சாலை, கட்டைவிரலுக்கு நோவு குறைவு.