உறைய வைப்பதா, ஓடும்போதே பிடிப்பதா?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் சர்வர்கள் என் பொறுப்பு. நள்ளிரவு 1 மணிக்குக் காப்பு நகல் எடுக்கும்போதும் துவாஸுக்குப் போகும் லாரிகளில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும். வேலை ஓயும் நேரம் என்று ஒன்று இல்லாததால், மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் தனித்தனிக் கணினிகளாக ஓடுபவை) ஓட்டத்திலேயே நகலெடுக்க வேண்டும்.

எதையும் நிறுத்தாமல் ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் அந்தக் கண நிலையின் பிரதி, எடுப்பது ஒரு வழி. திடீரென்று மின்சாரம் போனால் வட்டு எந்த நிலையில் இருக்குமோ, நகலும் அதே நிலையில் இருக்கும். இதைப் பலரும் மட்டமாகப் பேசுகிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் மாற்றத்தை முதலில் பதிவேட்டில் (லாக்) எழுதிய பிறகே தரவில் எழுதுகின்றன. நகலைத் திறந்ததும் பதிவேட்டைப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்ளும். தரவு வட்டும் பதிவேட்டு வட்டும் ஒரே கணத்தில் பிடிபட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸில் நகல் எடுப்பதை ஒருங்கிணைக்கும் விஎஸ்எஸ் சேவை மூலம் செயலிகளை உறைய வைத்து எடுப்பது இன்னொரு வழி. "கொஞ்சம் நில்" என்று, செயலிகளின் சார்பில் விஎஸ்எஸ்ஸோடு பேசும் ஒவ்வொரு ரைட்டருக்கும் சொல்லப்படும். செயலி 60 நொடிக்கு மேல் உறைந்திருக்கக் கூடாது. வட்டில் எழுதுவதை 10 நொடிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. நன்றாக நடந்தால் இதற்கு இணையில்லை. நடக்காதபோதுதான் தலைவலி.

எங்களுக்கு இரண்டு வாரம் காப்பு நகல் அறிக்கை பச்சையாகவே, அதாவது வெற்றி என்றே, வந்தது. ஒரு நாள் சும்மா உள்ளே போய், ரைட்டர்களின் நிலையைக் காட்டும் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கட்டளையை அடித்தேன். எஸ்கியூஎல் ரைட்டர் தோல்வி, காரணம் நேரம் கடந்தது. உறைய வைக்க முடியாவிட்டால் சாதாரண ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள் என்று காப்பு நகல் மென்பொருளில் யாரோ அமைத்திருந்தார்கள். அது ஓர் ஓரத்தில் எச்சரிக்கை எழுதிவிட்டுப் பச்சை காட்டியது. ரைட்டர் சேவையை மறுதொடக்கம் செய்தால் அன்றிரவு சரியாகும், மறுநாள் மீண்டும் விழும். கடைசியில் பார்த்தால், முந்தைய ஒப்பந்ததாரர் இயந்திரத்துக்குள் விட்டுப்போன பழைய காப்பு நகல் ஏஜென்ட்டும் அதே 1 மணிக்கு விஎஸ்எஸ்ஸை அழைத்துக்கொண்டிருந்தது. அதை அகற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

லினக்ஸில் விஎஸ்எஸ் கிடையாது. கோப்பு முறைமை மட்டும் உறையும். தரவுத்தளத்துக்குச் சொல்லும் ஸ்கிரிப்டை நாமே எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, தரவுத்தளத்தின் சொந்தக் காப்பு நகல். என் நம்பிக்கை இதன் மீதுதான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவேட்டை எடுத்து வைத்தால், நினைத்த நேரத்துக்குத் திரும்பலாம். ஆனால் இயந்திரமே போய்விட்டால் விண்டோஸிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும். அந்தக் கோப்பை அதே வட்டில் வைத்திருந்தால் கதை முடிந்தது.

ஆகவே இங்கே கலவை. கோப்பு சர்வர்களுக்கு முதல் வழி. பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு விஎஸ்எஸ். தரவுத்தளத்துக்குச் சொந்தக் காப்பு நகலோடு விஎஸ்எஸ்ஸும், அதுவும் தரவுத்தளத்தின் சொந்த நகல் வரிசையைத் தொடாத 'காப்பி ஒன்லி' அமைப்பில். அதை மறந்தால் விஎஸ்எஸ் வழியாக வெளியே எடுத்த நகலே புதிய அடித்தளமாகிவிடும். தரவுத்தளம் உள்ளே எடுத்த டிஃபரன்ஷியல் நகல்கள் (முழு நகலுக்குப் பின் மாறியவை மட்டும்) பழைய முழு நகலோடு ஒட்டாது. பச்சையை இப்போது நான் நம்புவதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, தனி வலையமைப்பில் நகலைத் திறந்து, தரவுத்தளம் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் 'செக்டிபி' ஓட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.