கழிவணையில் எதை நம்புவது: குழாயா, கம்பியா, கூம்பா?

சுரங்கக் கழிவு அணை என்றால் பலருக்கும் மேட்டூர் மாதிரி ஒன்றுதான் மனதில் வரும். ஆனால் இது தேக்குவது சேற்றை. தாதுவை அரைத்துப் பிரித்தபின் மிஞ்சும் ஈரச் சேறு. பல இடங்களில் அந்தச் சேற்றின் மேலேயே உள்பக்கமாக அடுத்த படியைக் கட்டிக்கொண்டு போவார்கள், செலவு குறைவு என்பதால். பிரேசிலில் புருமாடின்யோவுக்குப் பக்கத்தில் வாலே நிறுவனத்தின் 86 மீட்டர் உயர அணையும் அப்படி எழுந்ததுதான். 2019 ஜனவரி 25, பகல் 12:28-க்கு அது சரிந்தது. 270 பேர் இறந்தார்கள். அணைக்கு நேர் கீழே சுரங்க ஊழியர்களின் சாப்பாட்டுக் கூடம் இருந்தது.

அங்கே கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சரிவுக்கு முன் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் அவற்றில் தெரியவில்லை என்று பின்னால் ஆராய்ந்த நிபுணர் குழு சொன்னது. அதனால்தான் எந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழைய ஆள், குழாய் பீசோமீட்டர், அதாவது மண்ணுக்குள் உள்ள நீரழுத்தத்தை அளக்கும் குழாய். துளை போட்டு, அடியில் சல்லடை முனை வைத்த ஒரு குழாயை இறக்கி, நாடாவை உள்ளே விட்டால் தண்ணீரைத் தொட்டதும் ‘பீப்’ அடிக்கும். மலிவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் அளக்கலாம். குறை என்னவென்றால், மண்ணில் அழுத்தம் ஏறினால் அது குழாயில் தெரிய அந்த அளவுக்குத் தண்ணீர் ஊறி உள்ளே வர வேண்டும். மணலில் இது சட்டென்று நடக்கும், ஆனால் மாவு போன்ற நுண்சேற்றில் நாள்கணக்கில் ஆகும், அதற்குள் மண்ணில் நிலைமை வேறாகியிருக்கும். இன்னொன்று, சல்லடைப் பகுதி நீளமாக இருந்தால் இரண்டு மூன்று அடுக்குகளின் அழுத்தம் ஒன்றாகக் கலந்து, எந்த அடுக்குக்கும் சொந்தமில்லாத ஓர் எண் கையில் கிடைக்கும்.

அடுத்தது அதே நீரழுத்தத்தை அளக்கும் அதிர்வுக் கம்பி வகை. மெல்லிய தகட்டின் பின்னால் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, வீணைத் தந்தி மாதிரிதான். நீரழுத்தம் தகட்டைத் தள்ளினால் கம்பியின் இழுவிசை மாறும், சுருதி மாறும், அந்த அதிர்வெண்ணை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். ஊற வேண்டிய தண்ணீர் துளிதான் என்பதால் உடனே காட்டும், ஒரே துளையில் நாலைந்து ஆழங்களில் வைக்கலாம், அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் இடி விழுந்தால் செத்துப்போகும், சிமெண்டுக் கலவைக்குள் புதைத்துவிட்டால் வெளியே எடுத்துச் சரிபார்க்க முடியாது. பக்கத்தில் ஒன்றிரண்டு பழைய குழாய்களையும் விட்டுவைப்பவர்தான் என் கணக்கில் விவரமானவர்.

அணையின் கசிவை அளவிடும் V வெட்டுத் தடுப்பையும் விடக் கூடாது, அதாவது கசிநீர் V வடிவ வெட்டு வழியாக வழியும் தகடு. 90 டிகிரி வெட்டில் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் நொடிக்கு சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல். அளவை விட நிறம் முக்கியம். நேற்று வரை தெளிவாக வந்த நீர் இன்று கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம், மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

சரி, இவை எல்லாமே தண்ணீரைத்தான் அளக்கின்றன. சேறு எவ்வளவு தளர்வானது என்று இவற்றில் ஒன்றுக்கும் தெரியாது. அளக்கும் படியில் அரிசியைத் தளர்வாகக் கொட்டித் தட்டினால் மட்டம் இறங்கும் அல்லவா, சேற்றில் அந்த மாதிரி இடைவெளிகள் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, வெளியேற நேரமும் இல்லை என்றால், மேலே உள்ள பாரம் தண்ணீர் மேல் விழும், மண் கூழாகி ஓடும். புருமாடின்யோவில் நடந்தது இதுதான். பாரத்தால் மண் மெல்ல மெல்ல நகர்வதோடு, நீர்மட்டத்துக்கு மேலிருந்த ஈரமண்ணின் பிடிப்பும் கனமழையால் குறைந்தது காரணம் என்றது குழு. அந்தப் பிடிப்பு எதிர்மறை அழுத்தம். நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிய குழாயில் அது தெரியவே தெரியாது.

இங்கேதான் கூம்பு வருகிறது. 10 சதுர செ.மீ. கூம்பு முனையை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் நிலத்துக்குள் அழுத்திக்கொண்டே போய், எதிர்ப்பையும் நீரழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். பலவீனமான அடுக்கு எந்த ஆழத்தில், தட்டினால் இறங்கும் ரகமா இல்லையா என்று இது சொல்லும். ஆனால் அது அன்றைய படம் மட்டுமே, தினசரிக் காவலுக்கு உதவாது. என்னைக் கேட்டால் காசு குறைவாக இருந்தாலும் கூம்பைத்தான் முதலில் இறக்குவேன், பலவீனமான அடுக்கு தெரிந்தபின் கம்பிக் கருவியை அங்கே வைப்பேன். பலர் செய்வது தலைகீழ்.

அணை நகர்கிறதா என்று மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோள் ரேடார்? புருமாடின்யோவில் ஆண்டுக்கு 36 மி.மீ.க்கும் குறைவான நகர்வுதான் என்றது குழு. 2021-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு முறையில் அலசி, முன்கூட்டியே கணித்திருக்கலாம் என்றார்கள். நடந்து முடிந்த தேதி தெரிந்தபின் செய்த கணக்கு அது, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணின் வலிமை அதைச் சரிக்கப் பார்க்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்ற எண். நீர் வடிய நேரம் உண்டு என்று வைத்துக் கணக்கிட்டால் 1.5 வேண்டும் என்பது வழக்கம். நீர் வடியாமல், உச்ச வலிமையை (மண் உடையும் முன் தாங்கும் அதிகபட்சம்) வைத்துக் கணக்கிட்டபோது புருமாடின்யோ அணைக்குக் கிடைத்தது 1.09. இந்தக் கணக்குக்கு வழக்கமாக எதிர்பார்ப்பது 1.3. அப்படியிருந்தும் 2018 செப்டம்பரில் ‘நிலையானது’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். உங்களிடம் யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், எந்த வலிமையை வைத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள், உச்சமா, உடைந்தபின் மிஞ்சுவதா என்றும் கேளுங்கள்.