பலகைத் தரைக்கு அடியில் பொலித்தீன்: வெள்ளவத்தையில் பல மழைக்காலம் கண்ட பிறகு

கொழும்பில் இப்போது கட்டுகிற வீடுகளில் தரைக்குக் கீழே வெற்றிடம் விடுகிற வழக்கம் இல்லை. மண் நிரப்பி இறுக்கி, கொங்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒழுங்கைகளில் மட்டும் எங்கள் வீட்டைப் போல ஒன்றிரண்டு பழசுகள் மிச்சமிருக்கின்றன. முன் மண்டபமும் அதை ஒட்டிய அறையும் பலகைத் தரை. அதைத் தாங்குவது கபுக்கல் என்கிற செம்புரைக்கல் தூண்கள். பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு ஆள் வயிற்றில் ஊர்ந்து போகிற அளவு இடம். வெளிச்சுவரில் காற்றுத் துளைகள் இருக்கின்றன, ஆனால் பாதி துளைகள் பிந்தி வந்த சீமெந்துப் பூச்சில் அடைபட்டிருந்தன.

2019 தொடக்கத்தில் அந்த மண்ணை முழுக்கப் பொலித்தீனால் மூடினோம். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்தாயிற்று. கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: செய்யுங்கள், பலன் உண்டு. ஆனால் யூடியூபில் குளிர் நாட்டுக்காரர் காட்டுகிற மாதிரியே செய்யாதீர்கள். அவர்களுடைய வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். நமக்கு நேர்மாறு. அந்த ஒரு வித்தியாசம் பாதி ஆலோசனைகளைத் தலைகீழாக்கிவிடும்.

முதலில் எங்கள் வீட்டுக்கு என்ன வருத்தம் என்று சொல்கிறேன். பலகைகள் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பி நின்றன. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் வரி வரியாகத் தட்டுப்படும். பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பி, மேல்பக்கம் காய்ந்திருந்தால்தான் அப்படிக் குழியும். ஈரம் கீழேயிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்த தோல் சப்பாத்தில் பூஞ்சணம். மழைக்காலத்தில் அறைக் கதவு சட்டத்தோடு இறுகிப்போகும். மண்டபத்தில் எந்நேரமும் ஒரு பழங்கிணற்று வாடை. வந்தவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு, மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு மூன்று பேர் மூன்று வைத்தியம் சொன்னார்கள். பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண் நிரப்பச் சொன்னார் ஒருவர். பலா மரம் அது. இன்றைக்கு அந்த அகலத்தில் பலகை வாங்கப் போனால் வீட்டையே விற்க வேண்டிவரும். காற்றுத் துளைகளைப் பெரிசாக்கச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் மண்ணை மூடுவது.

மூடுமுன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம், செலவில்லாதது. ஒரு அடிச் சதுரத்தில் கண்ணாடிப் பொலித்தீன் துண்டு ஒன்றை மண்ணில் விரித்து, நான்கு பக்கமும் மண்ணைப் போட்டு அமுக்கிவிட்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். துளிகள் பொலித்தீனுக்குக் கீழே கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேல்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றிலிருந்து வருகிற ஈரம். எங்கள் துண்டைத் தூக்கியபோது அடியில் தண்ணீர் ஓடி வடிந்தது. மேல்பக்கம் தூசி தூசியாகவே இருந்தது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஓடுகிற தண்ணீர். மண்ணிலிருந்து எழும் ஆவியைத்தான் பொலித்தீன் தடுக்கும். வெள்ளம் வந்தால் அதன் மேலேயே குளம் கட்டும். எங்கள் ஒழுங்கையில் பழைய தாரைக் கிளறாமல் மேலே மேலே புதுத் தார் போட்டே வீதி எங்கள் முற்றத்தைவிட உயர்ந்துவிட்டது. பக்கத்துக் காணியிலும் தொடர்மாடி கட்டும்போது மண் நிரப்பி உயர்த்திவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் முற்றம், தண்ணீர் எல்லாம் அங்கே. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயும் சுவர் அடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கொழும்பில் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை. கூரையில் விழுகிற பங்கு முழுவதையும் அத்திவாரத்துக்கே பாய்ச்சினால் கீழே எதை விரித்து என்ன பயன்? குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம். சுவரோரம் மண்ணைச் சரித்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி செய்தோம். இதற்கே வாடை கொஞ்சம் குறைந்தது.

பொலித்தீன் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். ஆயிரம் கேஜ் கறுப்பு என்று கேட்டால் தருவார்கள். ஆயிரம் கேஜ் என்றால் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் தடிப்பு. ஐந்நூறு கேஜும் உண்டு, மலிவு. ஆனால் கீழே ஊர்ந்து வேலை செய்கிற ஆளின் முழங்கால் பட்டாலே அது கிழியும். தடிப்பு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. முதலாவது கடையில் விரித்துக் காட்டிய சுருளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், அமாவாசை வானம் மாதிரிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். கழிவு பொலித்தீனை உருக்கிச் செய்த சரக்கில் இப்படி ஊசித் துளைகள் இருக்கும். கடைக்காரர், “அதெல்லாம் ஒண்டும் செய்யாது அண்ணை” என்றார். அடுத்த கடைக்குப் போனேன்.

வேலைக்கு வந்தவர் ஹட்டன் பக்கத்துப் பெரியவர், எங்கள் பகுதியில் பழைய வீடுகளுக்கெல்லாம் அவர்தான் பாஸ், அதாவது மேசன். பொலித்தீன் சுருளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “ஐயா, மண்ண மூடிட்டா தண்ணி சும்மா இருக்காது. வேற வழி தேடிப் போகும்” என்றார். அப்போது சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விரிக்கிற வேலை நோகாத வேலை இல்லை. கீழே கிடந்த பழைய பலகைத் துண்டுகள், சிரட்டைகள், உடைந்த ஓடுகள் எல்லாவற்றையும் சாக்குச் சாக்காக வெளியே இழுத்தோம். மரத்துண்டு ஒன்றைக் கீழே விட்டாலும் கறையானுக்கு விருந்து வைத்த கணக்குத்தான். பிறகு விரிப்பு. ஒரு விரிப்பின் மேல் அடுத்தது ஒரு அடியாவது ஏற வேண்டும். தூசி படிந்த பொலித்தீனில் டேப் நிற்காது, ஒரு மழைக்காலத்திலேயே உரிந்துவிடும். நாங்கள் டேப்பும் ஒட்டி, இணைப்பு நெடுகிலும் உடைந்த செங்கல்லும் வைத்தோம். இன்றைக்கும் நிற்பது செங்கல்தான்.

ஒரு இடத்தில் மட்டும் காணொளிகளை வேண்டுமென்றே மீறினோம். அவற்றில் பொலித்தீனைச் சுவரில் ஏற்றி, ஆணி அடித்து, காற்றுத் துளைகளையும் அடைத்து, முழு வெற்றிடத்தையும் ஒரு பெட்டி போல ஆக்கிவிடுகிறார்கள். நாங்கள் சுவரோரத்திலும் தூண்களைச் சுற்றியும் நான்கு விரல் அகலத்துக்கு மண்ணை வெறுமையாக விட்டோம். காரணம் கறையான். அது மண்ணிலிருந்து சுவர் வழியாக மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். சுவரைப் பொலித்தீனால் போர்த்திவிட்டால் அதற்குப் பின்னால் குழாய் கட்டுவது கண்ணில் படாது, பலகை பொலபொலவென்று உதிரும்போதுதான் தெரியவரும். சில வருடங்களுக்குப் பிறகு ரோச் லைற்றோடு எட்டிப் பார்த்தபோது, பின்வரிசைத் தூண் ஒன்றில் பென்சில் தடிப்பில் மண் கோடு ஒன்று விரிசல் மாதிரி வளைந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தது. விரலால் தட்டியதும் உடைந்து, வெள்ளைப் புழுக்கள் மாதிரி உள்ளே ஓடின. விட்டத்துக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. மருந்தடிக்கிற ஆட்களைக் கூப்பிட்டு முடித்தோம்.

இனி பலன். மரத்தின் ஈரத்தை அளக்கிற சின்னக் கருவி இருக்கிறது, இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். பொலித்தீன் போடுமுன் விட்டங்கள் 23 முதல் 27 சதவீதம் வரை காட்டின. 20 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் மரத்தில் உளுப்புப் பூஞ்சணம் பிடிக்கிற அபாயம் தொடங்குகிறது. போட்ட பிறகு இறங்க மாதக் கணக்கானது, ஒரே வாரத்தில் மாயம் நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போது மழைக்காலத்தில் 17, 18. ஜனவரி, பெப்ரவரியில் 15 வரை இறங்கும். பலகைகளின் குழிவு முழுக்கப் போகவில்லை, ஆனால் காலில் தட்டுவதில்லை. கதவு திறக்கிறது. பழங்கிணறு போய்விட்டது.

இதற்குக் கீழே ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், கொழும்பின் காற்றே அவ்வளவு ஈரம். காற்று குளிர்ந்து பனிக்கத் தொடங்கும் வெப்பநிலை இங்கே மழை மாதங்களில் 24 பாகைக்குக் கிட்ட நிற்கும். காற்றுத் துளைகளை எவ்வளவு பெரிசாக்கினாலும் உள்ளே வரப்போவது அதே ஈரக் காற்றுத்தான். துளைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடைபட்டதை உடைத்துத் திறந்து, எலியும் மரநாயும் நுழையாமல் துருப்பிடிக்காத வலை போட்டோம். கடலோரத்தில் சாதாரண இரும்பு வலை உப்புக் காற்றில் சீக்கிரம் பொடியாகிவிடும். ஆனால் மண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு துளைகளை மட்டும் நம்புவது வீண்.

குளிர் நாட்டு ஆலோசனை எங்களுக்கு ஒத்துவராத பெரிய இடம் ஏசி. 2021 இல் பலகைத் தரை அறைக்கு ஏசி பூட்டினோம். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, அந்த அறைக்கு நேர் கீழே மட்டும் கருவி 21, 22 காட்டத் தொடங்கியது. கீழே ஊர்ந்து போய் அண்ணாந்து பார்த்தால் பலகையின் அடிப்பக்கம் வியர்த்து, ஆணி முனைகளில் துளி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே 22 பாகையில் குளிர்ந்த பலகை, கீழே 24 பாகையிலேயே பனிக்கிற காற்று. குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்க்கிற அதே சங்கதிதான். போதாக்குறைக்குத் தரைக்கு மேலே லினோலியம் விரித்திருந்தது. பலகை குடித்த ஈரம் மேலேயும் போக வழியில்லை. லினோலியத்தை எடுத்து எறிந்தோம், ஏசியை 26 இல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொண்டோம். எண் மெதுவாக 18, 19க்கு வந்தது. பலகைத் தரை அறைக்கு ஏசி வைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதை முதலில் யோசியுங்கள்.

ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். சுற்றிவரத் துளைகள் உள்ள இடத்தில் அதை ஓட்டுவது ஊர்க் காற்றையே உலர்த்துகிற முயற்சி. 2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது அதன் கதை முடிந்தது. இப்போது அது மேல்மாடியில் உடுப்பு அலுமாரிக்குக் காவல்.

சரி, பாஸ் சொன்ன பாதி உண்மை. மூடிய மண்ணில் அடைபட்ட ஈரம் விளிம்புகளைத் தேடிப் போனது. கபுக்கல் ஒரு கடற்பஞ்சு, இந்தக் காலத்துச் சுவர் போல ஈரந்தடுக்கும் படையும் எங்கள் அத்திவாரத்தில் இல்லை. மூடிய அடுத்த வருடமே உட்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக விழுந்தது. அந்தச் சுவரில் சீமெந்துப் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, பாஸின் சொற்படி சுண்ணாம்புக் கலவை பூசினோம், பெயின்ரும் அடைப்பில்லாத வகையாகப் பார்த்து அடித்தோம். உப்பு இன்னும் பூக்கிறதுதான், தும்புத்தடியால் தட்டிவிட்டால் போகிற அளவுக்கு. பூச்சு விழுவதில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்து ஊற்றுகிற காலத்தில் வடக்குப் பக்கத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே தெறித்து, பொலித்தீன் மடிப்பில் தேங்குகிறது. நுளம்பு முட்டை பொரித்து வளர ஒரு கிழமை, பத்து நாள் போதும். டெங்கு பார்க்க வருகிறவர்கள் சட்டி, பானை, பீலி பார்ப்பார்கள், தரைக்கடியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நாங்கள்தான் பார்க்க வேண்டும். பள்ளமான இடத்தில் மடிப்பை நீவி, நடுவில் சின்ன வெட்டுப் போட்டுவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தச் சின்ன வெட்டால் ஏறுகிற ஆவி கணக்கில் வராது. எலி கடித்த ஓட்டைகளுக்கு மேலே ஒரு துண்டை வைத்துக் கல் ஏற்றினால் போதும்.

செலவில் பொலித்தீன் ஒரு பெரிய தொகையே இல்லை. ஊர்ந்து செய்கிற கூலிதான் காசு. வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, மண் ஓரளவு காய்ந்திருக்கும். கொங்கிரீட் தரை வீட்டுக்காரர்களுக்கு இந்த அனுபவம் உதவாது, அவர்கள் கொங்கிரீட் போடுவதற்கு முன்பே அடியில் விரித்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வடக்குச் சுவரோரத் துண்டு நைந்துவிட்டது, வருகிற ஜனவரியில் மாற்ற வேண்டும். பாஸிடம் சொல்லியாயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து செய்து தருவதாகச் சொன்னார். இந்த முறை தான் உள்ளே இறங்க மாட்டாராம், மகனை அனுப்புவாராம், கூலி மட்டும் அதே கணக்கில் இருக்காது என்றும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.